பாக்ஸ் ஸ்கோர் (அடிபந்தாட்டம்)

பாக்ஸ் ஸ்கோர் என்பது அடிபந்தாட்டம் எனப்படும் பேஸ்பால் விளையாட்டில், ஓர் ஆட்டத்தின் நிகழ்வுகளை ஆட்டக்காரர் வாரியாக எண்களில் தொகுத்துத் தரும் அட்டவணை ஆகும். கிரிக்கெட் எனப்படும் துடுப்பாட்டத்தின் புள்ளி அட்டைக்கு இது இணையானது. ஒரு வீரரின் பருவச் சராசரி, வாழ்நாள் சாதனை, அணியின் வரலாறு என இவ்விளையாட்டின் எல்லாப் புள்ளிவிவரங்களும் பல்லாயிரம் பாக்ஸ் ஸ்கோர்களின் கூட்டுத்தொகையே எனலாம்.

ஐக்கிய அமெரிக்காவின் தொழில்முறை அடிபந்தாட்ட அமைப்பான மேஜர் லீக் பேஸ்பால், மே 2024 இல் நீக்ரோ லீகுகளின் புள்ளிவிவரங்களைத் தனது அதிகாரபூர்வப் பதிவுகளுடன் இணைத்தது. இதனால் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக மாறாதிருந்த வாழ்நாள் மட்டையடிச் சராசரிச் சாதனை டை காப் என்பவரிடமிருந்து ஜாஷ் கிப்சன் என்பவருக்கு மாறியது. ஓர் ஆட்டத்தின் பதிவு எவ்வாறு உருவாகின்றது, அதன் நம்பகத்தன்மை எத்தகையது, எவருடைய ஆட்டங்கள் பதிவாகக் கருதப்படுகின்றன ஆகிய கேள்விகள் இம்மாற்றத்தால் மீண்டும் எழுந்தன. இக்கட்டுரை பாக்ஸ் ஸ்கோரின் அமைப்பை விளக்கி, அக்கேள்விகளை ஆராய்கின்றது.

அடிப்படைச் சொற்கள்

அடிபந்தாட்டத்தில் அணிக்கு ஒன்பது பேர் ஆடுவர். ஆட்டம் வழமையாக ஒன்பது இன்னிங்சுகளைக் கொண்டது. ஒவ்வோர் இன்னிங்சிலும் இரு அணிகளும் மாறிமாறி, மூன்று பேர் ஆட்டமிழக்கும் வரை மட்டை பிடிக்கும். ஆகவே, முழு ஆட்டத்தில் ஓர் அணி 27 ஆட்டமிழப்புகளைச் சந்திக்கும். மட்டையாளர் பந்தை அடித்துவிட்டு, சதுர வடிவில் அமைந்த தளங்களை வரிசையாகத் தொட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஓர் ஓட்டம் கிடைக்கும். பாக்ஸ் ஸ்கோரைப் புரிந்துகொள்ளப் பின்வரும் சொற்கள் தேவையானவை.

* மட்டைவாய்ப்பு: மட்டையாளர் களம் வந்து பெறும் வாய்ப்பு. இலவசத் தளம், தியாக அடி ஆகியவற்றில் முடிந்த வாய்ப்புகள் இக்கணக்கில் சேரா.
* ஹிட்: எதிரணியின் தவறு ஏதுமின்றி, தன் அடியினாலேயே மட்டையாளர் தளத்தை அடைதல்.
* பிழை: தடுப்பாளரின் தவறு. பிழையால் தளத்தை அடைந்தவருக்கு ஹிட் கிடைக்காது.
* இலவசத் தளம்: பந்தெறிவாளர் நான்கு முறை எல்லைக்கு வெளியே எறிந்தால் மட்டையாளருக்குக் கிடைக்கும் முதல் தளம்.
* தியாக அடி: தான் ஆட்டமிழந்து, தளத்தில் நிற்கும் சக வீரரை முன்னேறச் செய்யும் அடி.
* வெளியேற்றம்: எதிரணியின் ஒருவரை ஆட்டமிழக்கச் செய்ததற்காகத் தடுப்பாளரின் பெயரில் எழுதப்படும் பதிவு.
* எஞ்சியோர்: இன்னிங்சு முடியும்போது ஓட்டம் எடுக்காமல் தளங்களில் நின்றவர்கள்.

ஹிட்டுகளின் எண்ணிக்கையை மட்டைவாய்ப்புகளின் எண்ணிக்கையால் வகுத்துக் கிடைப்பது மட்டையடிச் சராசரி ஆகும். இது மூன்று தசம இலக்கங்களில் எழுதப்படும். சராசரி .300 எனின் ஆயிரம் வாய்ப்புகளுக்கு 300 ஹிட்டுகள் என்று பொருள். பத்து வாய்ப்புகளில் ஏழில் தோற்பவரே இவ்விளையாட்டில் சிறந்த மட்டையாளராகக் கருதப்படுகின்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

வரலாறு

நியூயோர்க், புரூக்ளின் அணிகள் ஆடிய ஓர் ஆட்டத்தின் எளிய புள்ளிப் பட்டியல் 1845 அக்டோபரில் நியூயோர்க் நாளிதழ் ஒன்றில் வெளிவந்தது. எனினும், பாக்ஸ் ஸ்கோருக்கு ஒழுங்கான வடிவம் தந்தவராக ஹென்றி சாட்விக் (1824-1908) அறியப்படுகின்றார். இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் பிறந்த இவர், சிறுவயதில் குடும்பத்துடன் புரூக்ளினில் குடியேறினார். முதலில் துடுப்பாட்டச் செய்தியாளராக இருந்தமையால், துடுப்பாட்டப் புள்ளி அட்டையின் முறையை 1859 இல் அடிபந்தாட்டத்துக்கு ஏற்ப மாற்றி அமைத்தார். ஸ்ட்ரைக் அவுட் எனப்படும் ஆட்டமிழப்பைக் குறிக்க இன்றும் பயன்படும் 'கே' என்ற எழுத்துக்குறி இவர் வழங்கியது ஆகும். இவரது பெயர் 1938 இல் கூப்பர்ஸ்டவுனில் உள்ள அடிபந்தாட்டப் புகழரங்கில் சேர்க்கப்பட்டது.

வானொலியும் தொலைக்காட்சியும் இல்லாத காலத்தில், வேறு நகரத்து ஆட்டத்தை அறிய நாளிதழின் பாக்ஸ் ஸ்கோரே வழி. எந்த எண்கள் அதில் இடம்பெற வேண்டும் என்பதும் காலத்துக்குக் காலம் மாறியது. சக வீரரை ஓட்டம் எடுக்கச் செய்த அடிகளின் எண்ணிக்கை 1920 இலும், வெற்றியைக் காத்த பந்தெறிவாளருக்கு உரிய 'சேவ்' என்னும் அளவு 1969 இலும் அதிகாரபூர்வமாயின. ஆகவே, அவற்றுக்கு முந்தைய ஆண்டுகளுக்கு இன்று காணப்படும் இத்தகைய எண்கள் பிற்காலத்தில் ஆய்வாளர்கள் பின்னோக்கிக் கணித்தவை ஆகும்.

அமைப்பு

பாக்ஸ் ஸ்கோரின் சுருங்கிய வடிவம் வரிப்பதிவு எனலாம். இது இன்னிங்சு வாரியாக ஓட்டங்களையும், இறுதியில் மொத்த ஓட்டம், ஹிட், பிழை ஆகிய மூன்று எண்களையும் தரும். எடுத்துக்காட்டாக, 1956 அக்டோபர் 8 அன்று நடந்த உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தின் வரிப்பதிவு பின்வருமாறு அமைந்தது.

புரூக்ளின் டாட்ஜர்ஸ்: 0 0 0 0 0 0 0 0 0 | ஓட்டம் 0, ஹிட் 0, பிழை 0
நியூயோர்க் யாங்கீஸ்: 0 0 0 1 0 1 0 0 – | ஓட்டம் 2, ஹிட் 5, பிழை 0

யாங்கீஸ் அணியின் டான் லார்சன் இவ்வாட்டத்தில் எதிரணியின் 27 பேரையும் ஒருவர்கூடத் தளத்தை அடையாமல் ஆட்டமிழக்கச் செய்தார். இத்தகைய ஆட்டம் 'பர்ஃபெக்ட் கேம்', அதாவது முழுநிறை ஆட்டம் எனப்படுகின்றது. மேஜர் லீக் வரலாற்றில் 1880 முதல் 2023 வரை இத்தகைய ஆட்டங்கள் 24 மட்டுமே பதிவாகியுள்ளன. இரண்டாவது வரியின் இறுதியில் உள்ள கோடு, முன்னிலையில் இருந்த உள்ளூர் அணி ஒன்பதாவது இன்னிங்சில் மட்டை பிடிக்கத் தேவை ஏற்படவில்லை என்பதைக் காட்டுகின்றது.

விரிவான வடிவத்தில் ஒவ்வொரு மட்டையாளரின் பெயருக்கு நேரே மட்டைவாய்ப்பு, ஓட்டம், ஹிட் முதலியனவும், ஒவ்வொரு பந்தெறிவாளரின் பெயருக்கு நேரே அவர் எறிந்த இன்னிங்சுகள், கொடுத்த ஹிட்டுகள், ஓட்டங்கள், ஸ்ட்ரைக் அவுட்டுகள் முதலியனவும் இடம்பெறும்.

இவற்றைத் தீர்மானிப்பவர் அதிகாரபூர்வப் பதிவாளர் ஆவார். ஒருவர் ஆட்டமிழந்தாரா இல்லையா என்பதைக் களநடுவர் முடிவு செய்வார். தளத்தை அடைந்தது ஹிட்டினாலா பிழையினாலா என்பதைப் பதிவாளர் முடிவு செய்வார். பல பத்தாண்டுகள் செய்தியாளர்களே இப்பணியைச் செய்துவந்தனர்.

சரிபார்க்கும் முறை

பாக்ஸ் ஸ்கோர் ஒரு கணக்கேட்டின் இயல்பைக் கொண்டது. வணிகக் கணக்கில் பற்றும் வரவும் ஒத்துப்போக வேண்டுவதைப் போல, இதிலும் இரு பக்கங்கள் ஒத்துப்போக வேண்டும். மட்டை பிடிக்க வந்த ஒவ்வொருவரின் கதையும் மூன்று வழிகளில் ஒன்றில்தான் முடிய முடியும்: அவர் ஓட்டம் எடுத்திருப்பார், தளத்தில் எஞ்சியிருப்பார், அல்லது ஆட்டமிழந்திருப்பார். ஆகவே, ஆட்டவிதிகள் பின்வரும் சமன்பாட்டை வலியுறுத்துகின்றன.

மட்டைவாய்ப்புகள் + இலவசத் தளங்கள் + பந்து உடலில் பட்டதால் தளம் பெற்றோர் + தியாக அடிகள் + இடையூறு காரணமாகத் தளம் பெற்றோர் = ஓட்டங்கள் + எஞ்சியோர் + எதிரணியின் வெளியேற்றங்கள்

லார்சனின் ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் அணிக்கு இடப்பக்கம் 27 மட்டைவாய்ப்புகள் மட்டுமே. வலப்பக்கம் 0 + 0 + 27. இரண்டும் சமமாக உள்ளன. சமன்பாடு ஒத்துவராவிடில் எங்கோ ஒரு மட்டையாளர் விடுபட்டிருக்கின்றார் அல்லது இருமுறை எழுதப்பட்டிருக்கின்றார் என அறியலாம். கணினிக் காலத்துக்கு முன்னரே தன்னுள் பிழையறியும் முறையைக் கொண்டிருந்த தரவுக் கட்டமைப்பு என்பதால், புள்ளியியலாளர்களும் கணினித் துறையினரும் இதில் ஆர்வம் காட்டுகின்றனர். ஆனால், இச்சமன்பாடு எதனை உறுதி செய்கின்றது, எதனை உறுதி செய்யவில்லை என்பதைப் பிரித்தறிதல் அவசியம் ஆகும்.

சமன்பாடும் உண்மையும்: 2010 டிட்ராய்ட் ஆட்டம்

2010 சூன் 2 அன்று டிட்ராய்ட் டைகர்ஸ், கிளீவ்லாந்து அணிகள் மோதிய ஆட்டம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். டைகர்ஸ் அணியின் பந்தெறிவாளர் அர்மாண்டோ கலராகா, தொடர்ந்து 26 பேரை ஆட்டமிழக்கச் செய்திருந்தார். 27ஆவது மட்டையாளர் ஜேசன் டொனால்ட் தரையோடு அடித்த பந்தை மிகேல் கப்ரேரா எடுத்து, முதல் தளத்துக்கு ஓடிவந்த கலராகாவிடம் எறிந்தார். பந்து முன்னரே வந்துவிட்டது. ஆயினும் நடுவர் ஜிம் ஜாய்ஸ், மட்டையாளர் தளத்தை அடைந்ததாக அறிவித்தார். அடுத்த மட்டையாளர் ஆட்டமிழக்க, டைகர்ஸ் அணி 3-0 என வென்றது.

ஆட்டத்திற்குப் பின் ஒளிப்பதிவைப் பார்த்த ஜாய்ஸ் தமது தீர்ப்பு தவறு என ஒப்புக்கொண்டு கலராகாவிடம் வருத்தம் தெரிவித்தார். மறுநாள் ஆட்டத்தின் தொடக்கத்தில் அணிப்பட்டியலை ஜாய்சிடம் கொண்டுவந்து கொடுத்தவர் கலராகாவே. தீர்ப்பு தவறு என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எனினும், லீக் ஆணையர் பட் செலிக் முடிவை மாற்றவில்லை. பாக்ஸ் ஸ்கோரில் இன்றும் கிளீவ்லாந்து அணிக்கு ஒரு ஹிட் என்றே உள்ளது.

இவ்வாட்டத்தின் சமன்பாடு 28 = 0 + 1 + 27 என்பதாகும். தீர்ப்பு சரியாக அமைந்திருந்தால் அது 27 = 0 + 0 + 27 என இருந்திருக்கும். இரண்டுமே சரியாகச் சமன்படுகின்றன. அதாவது, சமன்பாடு ஒரு பதிவு தன்னளவில் முரணின்றி உள்ளது என்பதை மட்டுமே உறுதி செய்கின்றது. அது உண்மையா என்பதை உறுதி செய்வதில்லை. பாக்ஸ் ஸ்கோர் களத்தில் நடந்தவற்றின் பதிவன்று, நடந்ததாக உரியவர்கள் முடிவு செய்தவற்றின் பதிவே ஆகும்.

தளங்களில் நடுவர் தரும் தீர்ப்புகளை ஒளிப்பதிவு கொண்டு மறுபரிசீலனை செய்யும் முறை 2014 இல் விரிவாக நடைமுறைக்கு வந்தது. எறியப்பட்ட பந்து எல்லைக்குள் வந்ததா என்பதைக் கருவிகொண்டு முறையிடும் ஏற்பாட்டுக்கு, 2026 பருவத்திலிருந்து பயன்படுத்துவதற்காக 2025 செப்டம்பரில் ஒப்புதல் அளிக்கப்பட்டது. இவை ஆட்டம் நடக்கும்போது பிழைகளைக் குறைப்பவை. முடிந்துபோன ஆட்டங்களின் பதிவுகளை இவை திறப்பதில்லை.

பதிவு விதிகளால் விளையும் முரண்கள்

மழை முதலிய காரணங்களால் இடைநிறுத்தப்பட்ட ஆட்டம் பின்னொரு நாளில் தொடரும்போது, எல்லா எண்களும் ஆட்டம் தொடங்கிய நாளின் கணக்கிலேயே எழுதப்படும். 2018 மே 15 அன்று வாஷிங்டன் நேஷனல்ஸ், யாங்கீஸ் அணிகளிடையே தொடங்கி நிறுத்தப்பட்ட ஆட்டம் சூன் 18 அன்று தொடர்ந்தது. அதில் நேஷனல்ஸ் வீரர் ஹுவான் சோட்டோ ஒரு ஹோம் ரன் அடித்தார். அவரது அறிமுக ஆட்டம் மே 20. ஆகவே, பதிவின்படி அவர் அறிமுகமாவதற்கு ஐந்து நாட்களுக்கு முன்னரே ஹோம் ரன் அடித்துள்ளார்.

2024 இல் இதனினும் வியப்பான பதிவு உருவானது. சூன் 26 அன்று பாஸ்டனில் நிறுத்தப்பட்ட ஆட்டத்தில் டொராண்டோ புளூ ஜேஸ் அணிக்காக மட்டை பிடித்துக்கொண்டிருந்தவர் டேனி ஜேன்சன். இடையில் அவர் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். ஆகஸ்ட் 26 அன்று ஆட்டம் தொடர்ந்தபோது, அவர் பாதியில் விட்ட மட்டைவாய்ப்பை டொராண்டோவின் வேறொருவர் தொடர, ஜேன்சன் பாஸ்டனின் பிடிப்பாளராக அவருக்குப் பின்னால் நின்றார். பிடிப்பாளர் என்பவர் துடுப்பாட்டத்தின் விக்கெட் காப்பாளரைப் போன்றவர். மேஜர் லீக் ஆட்டமொன்றில் இரு அணிகளுக்கும் ஆடிய முதல் வீரர் இவரே. இவை வேடிக்கையான நிகழ்வுகள் எனினும், நாள், அணி போன்ற எளிய தகவல்கள்கூட விதிகளின் வழியாகவே பதிவாகின்றன என்பதை உணர்த்துகின்றன.

இருமுறை எண்ணப்பட்ட ஆட்டம்: 1910

தனி ஆட்டத்தின் பதிவு சரியாக இருப்பினும், அதனைத் தொகுக்கும்போது பிழை நேரலாம். 1910 இல் சிறந்த மட்டையாளருக்கு மகிழுந்து பரிசாக அறிவிக்கப்பட்டிருந்தது. டிட்ராய்ட் அணியின் டை காப்பும் கிளீவ்லாந்து அணியின் நாப் லாஜோயும் கடுமையாகப் போட்டியிட்டனர். பருவ முடிவில் காப் மிகச் சிறிய வேறுபாட்டில் வென்றதாக லீக் அறிவித்தது. மகிழுந்து நிறுவனம் இருவருக்கும் பரிசு வழங்கியது.

ஏறத்தாழ 70 ஆண்டுகளுக்குப் பின், ஆய்வாளர் பீட் பால்மர் லீகின் பழைய கணக்கேடுகளை ஆராய்ந்தபோது, செப்டம்பர் மாத ஆட்டமொன்று காப்பின் கணக்கில் இருமுறை எழுதப்பட்டிருந்ததைக் கண்டறிந்தார். அவ்வாட்டத்தில் காப் மூன்று வாய்ப்புகளில் இரண்டு ஹிட்டுகள் அடித்திருந்தார். அதனை நீக்கினால் 1910 இன் முதலிடம் லாஜோய்க்கு உரியது. இச்செய்தி 1981 இல் வெளியானது. அப்போதைய ஆணையர் போவி கூன் பழைய முடிவை மாற்ற மறுத்துவிட்டார்.

அந்த இரண்டு ஹிட்டுகளின் விளைவு இன்றும் தொடர்கின்றது. மேஜர் லீகின் பதிவில் காப்பின் வாழ்நாள் ஹிட்டுகள் 4,191, சராசரி .367. திருத்தத்தை ஏற்ற தொகுப்புகளில் அவை 4,189, .366. பீட் ரோஸ் 1985 செப்டம்பர் 11 அன்று தமது 4,192ஆவது ஹிட்டை அடித்துக் காப்பின் சாதனையை முறியடித்ததாக நாடே கொண்டாடியது. திருத்தப்பட்ட கணக்கின்படி அச்சாதனை மூன்று நாட்களுக்கு முன்னர், செப்டம்பர் 8 அன்று, சிகாகோவில் நடந்த ஆட்டத்திலேயே முறியடிக்கப்பட்டுவிட்டது.

நீக்ரோ லீகுகளின் பதிவுகள்

மேற்கூறியவை பதிவான ஆட்டங்களைப் பற்றிய சிக்கல்கள். பதிவாகவே கருதப்படாத ஆட்டங்களின் சிக்கல் இவற்றினும் பெரிது. 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 1947 வரை கறுப்பின வீரர்கள் மேஜர் லீக் அணிகளில் சேர்க்கப்படவில்லை. எழுதப்பட்ட சட்டம் ஏதுமின்றி, அணி உரிமையாளர்களின் இசைவினால் இத்தடை நிலவியது. இந்நிலையில் கறுப்பினத்தவர் தங்களுக்கெனத் தனி லீகுகளை உருவாக்கினர். ரூப் ஃபாஸ்டர் என்பவரின் முயற்சியால் முதலாவது நீக்ரோ நேஷனல் லீக் 1920 இல் கேன்சஸ் சிட்டியில் தோற்றுவிக்கப்பட்டது. 'நீக்ரோ' என்னும் சொல் இன்று தவிர்க்கப்படுகின்ற போதிலும், வரலாற்றுப் பெயராக இங்கு பயன்படுகின்றது.

1969 இல் அமைக்கப்பட்ட சிறப்புப் பதிவுக் குழு, எவை 'மேஜர்' லீகுகள் என வரையறுத்தது. இரண்டே பருவங்கள் நடந்த ஃபெடரல் லீக், ஒரே பருவம் நடந்த யூனியன் அசோசியேஷன் ஆகியன உட்பட ஆறு லீகுகள் இப்பட்டியலில் இடம்பெற்றன. நீக்ரோ லீகுகள் பரிசீலனைக்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை. மேஜர் லீக் நிருவாகம் 2020 டிசம்பரில் இதனைத் தவறு என ஏற்று, பின்வரும் ஏழு லீகுகளுக்கு மேஜர் லீக் தகுதி அளித்தது.

* நீக்ரோ நேஷனல் லீக், முதலாவது (1920-1931)
* ஈஸ்டர்ன் கலர்டு லீக் (1923-1928)
* அமெரிக்கன் நீக்ரோ லீக் (1929)
* ஈஸ்ட்-வெஸ்ட் லீக் (1932)
* நீக்ரோ சதர்ன் லீக் (1932)
* நீக்ரோ நேஷனல் லீக், இரண்டாவது (1933-1948)
* நீக்ரோ அமெரிக்கன் லீக் (1937-1948)

தகுதி அளிப்பது ஓர் அறிவிப்பில் முடிந்துவிடும். எண்களை இணைப்பதற்கு பாக்ஸ் ஸ்கோர்கள் வேண்டும். பெருநகர வெள்ளையர் நாளிதழ்கள் இவ்வாட்டங்களைப் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபென்டர், பால்டிமோர் ஆஃப்ரோ-அமெரிக்கன் போன்ற கறுப்பின இதழ்களே அவற்றை வெளியிட்டன. அவை வார இதழ்கள் ஆதலால் இடப்பற்றாக்குறை இருந்தது. சில ஆட்டங்களுக்கு வரிப்பதிவு மட்டுமே அச்சானது. சிலவற்றில் மட்டைவாய்ப்பு எண்ணிக்கை விடுபட்டது.

இவற்றை நுண்படச் சுருள்களிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடியெடுத்தவர்கள் பெரும்பாலும் தன்னார்வ ஆய்வாளர்கள். ராபர்ட் பீட்டர்சன் 1970 இல் வெளியிட்ட நூல் இத்துறைக்கு வழிகாட்டியது. 2000 இல் மேஜர் லீக் வழங்கிய 2,50,000 டாலர் நல்கையைக் கொண்டு புகழரங்கம் விரிவான ஆய்வை மேற்கொண்டது. அதன் தொடர்ச்சியாக 2006 இல் 17 பேர் புகழரங்கில் சேர்க்கப்பட்டனர். லாரி லெஸ்டர், கேரி ஆஷ்வில் முதலியோரின் உழைப்பு பின்னர் உருவான தரவுத்தளங்களுக்கு அடிப்படையாயிற்று. வரலாற்றாளர் ஜான் தோர்ன் தலைமையில் அமைந்த 17 பேர் குழு இத்தரவுகளை ஆராய்ந்து, 2,300க்கும் மேற்பட்ட வீரர்களின் எண்களை 2024 இல் இணைத்தது. 1920-1948 காலத்து ஆட்டப் பதிவுகளில் ஏறத்தாழ முக்கால் பங்கே கிடைத்துள்ளதாக அப்போது மதிப்பிடப்பட்டது.

2024 அறிவிப்பின்படி வாழ்நாள் மட்டையடிச் சராசரியில் முதல் ஐந்து இடங்கள் வருமாறு:

* ஜாஷ் கிப்சன் - .372
* டை காப் - .367
* ஆஸ்கர் சார்ல்ஸ்டன் - .363
* ரோஜர்ஸ் ஹார்ன்ஸ்பி - .358
* ஜட் வில்சன் - .350

இவர்களுள் கிப்சன், சார்ல்ஸ்டன், வில்சன் ஆகிய மூவரும் நீக்ரோ லீகுகளில் ஆடியோர். ஒரு பருவத்துக்கான சராசரியிலும் 1943 இல் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணிக்காகக் கிப்சன் பெற்ற .466 முதலிடம் பெற்றது. அதுவரை முதலிடத்தில் இருந்தது 1894 இல் ஹியூ டஃபி பெற்ற .440. கிப்சன் 1947 சனவரியில் தமது 35ஆவது வயதில் காலமானார். ஜாக்கி ராபின்சன் மேஜர் லீகில் ஆடி நிறத்தடையை உடைத்தது அதற்கு மூன்று மாதங்களுக்குப் பின்னரே.

எதிர்ப்புகளும் மறுமொழிகளும்

இவ்விணைப்பு பரவலாக வரவேற்கப்பட்டபோதும் சில எதிர்ப்புகளும் எழுந்தன.

முதலாவது, பருவத்தின் நீளம். நீக்ரோ லீகுகளின் பருவத்தில் பொதுவாக 60 முதல் 80 வரையான லீக் ஆட்டங்களே இடம்பெற்றன. குறைந்த ஆட்டங்களில் மிக உயர்ந்த சராசரியைப் பெறுவது எளிது என்பது புள்ளியியல் அடிப்படையில் சரியான வாதமே. ஆனால், மேஜர் லீக் தனது விதியில் ஏற்கெனவே விகித முறையைக் கையாளுகின்றது. அணியின் ஆட்டம் ஒன்றுக்கு 3.1 மட்டைவருகைகள் இருந்தால் ஒருவர் பருவப் பட்டத்துக்குத் தகுதி பெறுவார். 162 ஆட்டங்களுக்கு இது 502. பெருந்தொற்றுக் காரணமாக 60 ஆட்டங்களாகக் குறைக்கப்பட்ட 2020 பருவத்துக்கு இது 186. 2020 இன் எண்கள் முழுத் தகுதியுடன் ஏற்கப்பட்ட பின், 1943 இன் எண்களை மட்டும் பருவம் குறுகியது என விலக்குவது பொருந்தாது என்பது ஆதரவாளர்களின் மறுமொழி.

இரண்டாவது, தரவின் குறைபாடு. முழுமையற்ற தரவிலிருந்து பெற்ற .372 எண்ணை முழுமையான தரவிலிருந்து பெற்ற .367 எண்ணுடன் ஒப்பிடலாமா எனக் கேட்கப்பட்டது. ஆனால், பின்னதும் ஐயத்துக்கு அப்பாற்பட்டது அன்று. 1910 இன் இரட்டைப் பதிவு அதில் இன்றும் உள்ளது. மேலும், 19ஆம் நூற்றாண்டு வெள்ளையர் லீகுகளின் எண்கள் பலவும் 1969 இல் வெளியான பெருந்தொகுப்புக்காக நாளிதழ்களிலிருந்து மீட்கப்பட்டவையே.

மூன்றாவது, போட்டியின் தரம். கறுப்பின வீரர்கள் மட்டும் ஆடிய லீகில் பெற்ற சராசரியை மேஜர் லீகுடன் ஒப்பிட முடியாது எனக் கூறப்பட்டது. இவ்வாதம் இருபுறமும் பொருந்துவதாகும். 1947க்கு முன் காப்பும் பேப் ரூத்தும் தங்கள் லீகில் கறுப்பினப் பந்தெறிவாளர் எவரையும் எதிர்கொள்ளவில்லை. ஒரு பக்கத்தின் எண்ணை மட்டும் நிறைவானது எனக் கொள்வதற்கு அடிப்படை இல்லை.

இவ்வெதிர்ப்புகளுள் முதலாவது எளிதில் ஒதுக்கத்தக்கது அன்று. .466 என்னும் பருவச் சராசரியை ஏறத்தாழ இருமடங்கு ஆட்டங்கள் கொண்ட ஒரு பருவத்தின் சராசரியோடு அருகருகே வைக்கும்போது, வாசகர் ஆட்ட எண்ணிக்கையையும் சேர்த்துப் படிப்பது நல்லது. ஆனால், இஃது எண்ணைப் படிக்கும் முறை பற்றிய எச்சரிக்கையே அன்றி, எண்ணைப் பதிவிலிருந்து நீக்குவதற்கான காரணம் அன்று.

பதிவில் சேராதவை

இணைப்பு எல்லா ஆட்டங்களையும் உள்ளடக்கவில்லை. லீக் போட்டியாக நடந்து, பதிவு கிடைத்த ஆட்டங்கள் மட்டுமே எண்ணப்பட்டன. நீக்ரோ லீக் அணிகளோ வருவாய்க்காக ஊர் ஊராகச் சென்று உள்ளூர் அணிகளுடன் ஏராளமான காட்சி ஆட்டங்களை ஆடின. புகழரங்கில் உள்ள கிப்சனின் பட்டயம் அவர் ஏறக்குறைய 800 ஹோம் ரன்கள் அடித்ததாகக் கூறுகின்றது. அதிகாரபூர்வப் பதிவிலோ அவரது ஹோம் ரன்கள் 200க்கும் குறைவே. இரண்டும் முரண்படுவன அல்ல. முன்னது எல்லா வகை ஆட்டங்களையும், பின்னது பதிவுள்ள லீக் ஆட்டங்களை மட்டும் கணக்கில் கொள்கின்றது. எந்த விதி காப்பின் காட்சி ஆட்டங்களை எண்ணவில்லையோ, அதே விதி கிப்சனுக்கும் பொருந்துகின்றது. வேறுபாடு என்னவெனில், காப் காட்சி ஆட்டங்களை நம்பி வாழ வேண்டியிருக்கவில்லை.

வில்லி மேஸ் 1948 இல் பர்மிங்காம் பிளாக் பேரன்ஸ் அணிக்கு ஆடியபோது அடித்த 10 ஹிட்டுகள் சேர்க்கப்பட்டு, அவரது மொத்தம் 3,283 இலிருந்து 3,293 ஆனது. ஜாக்கி ராபின்சனின் மொத்தம், 1945 இல் கேன்சஸ் சிட்டி மோனார்க்ஸ் அணிக்காக அடித்த 49 ஹிட்டுகளுடன் 1,567 ஆனது. ஆனால், மேஸின் ஹோம் ரன் எண்ணிக்கை 660 இலிருந்து மாறவில்லை. பர்மிங்காம் அணிக்காக அவர் அவ்வாண்டு ஒரு ஹோம் ரன் அடித்ததாகக் கூறப்படுகின்ற போதிலும், அவ்வாட்டத்தின் பாக்ஸ் ஸ்கோர் கிடைக்கவில்லை. மேஸ் 2024 சூன் 18 அன்று, இணைப்பு அறிவிக்கப்பட்ட மூன்றே வாரங்களில் காலமானார்.

கலராகாவின் ஆட்டத்தை நாடே பார்த்தது. அதன் ஒளிப்பதிவு உள்ளது. பதிவு தவறாயினும் உண்மை எவருக்கும் தெரியும். பர்மிங்காம் ஆட்டத்தின் நிலை வேறு. அங்கே களத்தில் நடந்ததற்கு இருக்கக்கூடிய ஒரே சான்று அச்சான அட்டவணையே. அது தொலைந்தால் அந்நிகழ்வும் எண்களின் உலகில் இல்லாமல் போகின்றது. எஞ்சிய கால் பங்கு ஆட்டங்களுக்கான தேடல் தொடர்வதால், புதிய பாக்ஸ் ஸ்கோர்கள் கண்டெடுக்கப்படும்போது கிப்சனின் .372 உட்பட நீக்ரோ லீக் எண்கள் உயரவோ குறையவோ கூடும்.